வலியைப் பொறுப்பதா, போக்குவதா?

ஞாயிறு பூசையில் எழுந்தேற்ற மணி ஓய்ந்து, முழந்தாளில் இருந்த சனங்கள் எழுந்திருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் உங்கள் அருகில் இருப்பவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே மாதிரி எழுந்திருப்பதில்லை. ஒருவர் பெஞ்சின் விளிம்பை ஒரு கையால் பற்றி, மறு கையை இடுப்பில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு, முக்கால் பங்கு நிமிர்ந்து, அங்கே ஒரு கணம் தயங்கி, பிறகுதான் முழுவதும் நிமிருவார். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிலும் ஒரு பார்வை. அப்புறம் ஒன்றும் நேராததுபோல் கைகுவித்து நிற்பார். அவர் எழுபது வயதுக் கிழவராய் இருக்கவேண்டும் என்பதில்லை. முப்பத்தைந்து வயதுத் தாயாராகவும் இருக்கலாம். வாசகரே, நீங்களாகவேகூட இருக்கலாம்.

அப்படிப்பட்டவருடைய உள்ளத்தில் வெகுநாளாக ஒரு கேள்வி கிடக்கிறது. அதை அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் கேட்பதில்லை, டாக்டரிடமும் கேட்பதில்லை. “இது சர்வேசுரன் எனக்கு அனுப்பிய சிலுவை அல்லவா? முறுமுறுக்காமல் பொறுத்துக்கொள்வதுதானே கிறிஸ்தவனுக்கு அழகு? மருந்து, சிகிச்சை என்று அலைந்தால், சுமக்கும்படி கொடுத்த சிலுவையை வழியிலே இறக்கி வைத்ததாகாதா?”

இது அற்பமான கேள்வி அல்ல. இதற்குத் தவறான பதில் சொல்லிக்கொண்டு எத்தனையோ நல்ல ஆத்துமாக்கள் வருஷக்கணக்கில் வீணாக வருந்துகிறார்கள். ஆகையால் இந்த வாரம் இதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் இந்த நோவு எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். 2020-ம் ஆண்டில் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியினால் வருந்தினார்கள் என்றும், 2050-ல் இந்தத் தொகை 84 கோடியைத் தாண்டும் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதரை வேலை செய்ய முடியாமல் முடக்கிப் போடும் காரணங்களில் இதுவே முதலிடம் வகிக்கிறது. தலைச்சுமைக்காரரும், வயலில் நாற்று நடுகிறவளும், குழித் தறியில் உட்காருகிறவரும், பீடி சுற்றுகிறவளும், லாரி ஓட்டுகிறவரும், நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் வாலிபனும் இதில் சமமே. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலியை நாட்பட்ட வலி என்று வைத்தியர்கள் பெயரிடுகிறார்கள். நம் பங்கிலே மூன்று மாதமல்ல, முப்பது வருஷமாகச் சுமப்பவர்களும் உண்டு.

ஆனால் இந்த வலிக்கு ஒரு விசேஷ துன்பம் இருக்கிறது. அது வெளியே தெரியாது. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். கை ஒடிந்தால் கட்டுப் போட்டிருக்கும். இடுப்பு வலிக்காரருக்கோ காட்டுவதற்கு ஒன்றுமில்லை. படம் எடுத்துப் பார்த்தாலும், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. ஆகவே அவர் மேல் இரண்டு பாரம் விழுகிறது. ஒன்று வலி. மற்றொன்று, “வேலைக்குப் பயந்து நடிக்கிறாரோ?” என்று மற்றவர்கள் பார்க்கும் பார்வை.

இப்போது கேள்விக்கு வருவோம். சுவிசேஷத்தில் இதே இடத்தில் நோவு கண்ட ஒரு ஸ்திரீ இருக்கிறாள். லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தின் 13-ம் அதிகாரத்தில் அவளைக் காண்கிறோம். பதினெட்டு வருஷமாகக் கூனிப்போய், கொஞ்சமும் நிமிர முடியாதிருந்தவள் அவள். மனிதருடைய முகங்களைப் பார்க்காமல் பதினெட்டு வருஷம் தரையையும் தன் பாதங்களையுமே பார்த்து நடந்தவள். அப்படியிருந்தும் ஓய்வுநாளில் செபக்கூடத்துக்கு வந்திருந்தாள்.

சேசுநாதர் அவளைக் கண்டார். கண்டு என்ன செய்தார்? “உன் பொறுமையை மெச்சினேன், இன்னும் பொறுத்திரு” என்றாரா? இல்லை. அவள் கேட்டதாகக்கூட சுவிசேஷத்தில் எழுதப்படவில்லை. அவராகவே அவளை அழைத்தார், அவள் கட்டு அவிழ்ந்தது என்று அறிவித்தார், அவள்மேல் கைகளை வைத்தார். அவள் உடனே நிமிர்ந்து சர்வேசுரனைத் துதித்தாள். அவளுடைய வலியைப் பசாசின் கட்டு என்று ஆண்டவர் சொன்னாரேயொழிய, தேவ கொடை என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அங்கே ஒருவன் கோபித்துக்கொண்டான். அவன் செபக்கூடத் தலைவன். வேலை செய்ய வாரத்தில் ஆறு நாள் இருக்கும்போது, குணமாகிறவர்கள் அந்த நாட்களில் வரலாமே என்று சனங்களிடம் சொன்னான். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நியாயமான பேச்சு. பதினெட்டு வருஷம் பொறுத்தவள் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாகாதா? ஆனால், வாசகரே, யார் முதுகு பொறுக்கவேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்? நிமிர்ந்து நிற்கிறவன், குனிந்து நிற்பவளுக்குப் பொறுமையைப் போதிக்கிறான். ஆண்டவருக்கு அதுதான் சகிக்கவில்லை. ஓய்வுநாளிலும் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் குமாரத்தியாகிய இவளை அவிழ்க்கலாகாதா என்று கடிந்துகொண்டார். தாகமுள்ள மாட்டுக்கு நாம் காட்டும் இரக்கத்தையாவது வலியுள்ள மனுஷிக்குக் காட்டவேண்டும் என்பதே அந்தக் கண்டனத்தின் பொருள்.

இன்னொரு காட்சியையும் நினைத்துக்கொள்ளுங்கள். பூங்காவனத்திலே நம் இரட்சகர் தமது பாடுகளை முன்னிட்டுக் கலங்கினபோது, கூடுமானால் அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி முதலில் மன்றாடினார். அதன் பிறகே பிதாவின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தார். துன்பம் நீங்கவேண்டும் என்று கேட்பது பாவமாயிருந்தால், பாவமறியாதவர் அதைக் கேட்டிருப்பாரா? சிலுவையில் தொங்கினபோதும் தமக்குத் தாகம் என்று வாய்விட்டுச் சொன்னார். நீட்டப்பட்ட காடியையும் ஏற்றுக்கொண்டார். பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நினைப்பவர்கள் இதைத் தியானிப்பது நல்லது. உலகத்திலேயே பொறுமையில் மிகுந்தவர் தம்முடைய தேவையைச் சத்தமாய்ச் சொன்னார்.

“ஆனால் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை ஆண்டவர் வேண்டாமென்றாரே, அது வலியை மரத்துப்போகச் செய்யும் பானம் அல்லவா?” என்று வேதம் அறிந்த ஒருவர் கேட்கலாம். உண்மைதான். உலக இரட்சண்யத்துக்காகத் தாம் ஏற்ற பாத்திரத்தை முழு அறிவோடு பருக அவர் சித்தமானார். அது அவர் தாமாகத் தெரிந்துகொண்டது. நமக்குக் கட்டளையாக அதை விதிக்கவில்லை.

இந்த விஷயத்தில் திருச்சபை தெளிவாகவே பேசியிருக்கிறது. 1957-ம் ஆண்டு பெப்ரவரி 24-ம் தேதி, மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் விடையளித்தார். வலியைத் தணிக்கும் மருந்தை மறுக்க வேண்டுமென்ற பொதுவான கடமை கிறிஸ்தவனுக்குக் கிடையாது என்று அவர் போதித்தார். ஒருவன் தேவ சிநேகத்தினால் தன் வலியை மனமுவந்து ஏற்கலாம். ஆனால் அளவுக்கு மிஞ்சிய வலி ஆத்துமத்தின் பலத்தை உயர்த்துவதற்குப் பதிலாக உறிஞ்சிவிடவும் கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 1956 ஜனவரி 8-ம் தேதி, பிரசவ வேதனையைக் குறைக்கும் முறையைப் பற்றிப் பேசினபோதும், தாய்மார் அதைக் கையாளுவதில் தோஷமில்லை என்று சொன்னார். ஏவாளுக்குச் சொல்லப்பட்ட தண்டனையைக் காட்டி எந்தத் தாயையும் வலியில் கிடத்தி வைக்க நமக்கு அதிகாரமில்லை. நெற்றி வியர்வை சிந்தி அப்பம் புசிப்பாய் என்று ஆதாமுக்கும் சொல்லப்பட்டது. அதற்காக நாம் ஏரையும் டிராக்டரையும் விலக்கி வைத்தோமா?

சீராக் என்பவரின் ஞான ஆகமத்தில் 38-ம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். வைத்தியனை மதிக்க வேண்டும் என்றும், பூமியிலிருந்து ஔஷதங்களைப் படைத்தவர் ஆண்டவரே என்றும், புத்தியுள்ளவன் அவற்றைத் தள்ளமாட்டான் என்றும் அதில் காண்பீர்கள். அதே அதிகாரம் வியாதியில் செபிக்கவும் சொல்லுகிறது, வைத்தியனுக்கு இடங்கொடுக்கவும் சொல்லுகிறது. இரண்டுக்கும் சண்டை மூட்டியது நாம்தான்.

அப்படியானால் தபசும் ஒறுத்தலும் எதற்கு என்று கேட்பீர்கள். அர்ச். இஞ்ஞாசியார் இதற்கு நல்ல சாட்சி. 1522-ல் மன்ரேசா என்ற ஊரில் அவர் செய்த கடுந்தபசுகள் அவருடைய உடலைக் கெடுத்துவிட்டன. ஆயுசு முழுவதும் வயிற்று நோவினால் வருந்தினார். பிறகு தமது சபைக்குச் சட்டங்கள் எழுதியபோது, சரீர சுகத்தைப் பேணுவதற்கென்றே ஒரு அதிகாரம் எழுதி வைத்தார். உடல் சர்வேசுரனுடைய ஊழியத்துக்கான கருவி. கருவியை உடைத்துவிட்டு ஊழியம் செய்ய முடியாது. சொந்த உடலில் அனுபவித்துக் கற்ற பாடம் அது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இந்தக் கேள்வியின் கூர்மை உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். தாய் விடியற்காலை நாலரைக்கு எழுந்து தெருக் குழாயில் ஆறு குடம் தண்ணீர் பிடிக்கிறாள். ஒரு குடம் ஏறக்குறைய 15 கிலோ. அதை இடுப்பில் ஒரு பக்கமாய் வைத்துப் படியேறுகிறாள். குனிந்து கூட்டுகிறாள், குந்தியிருந்து பாத்திரம் துலக்குகிறாள், துணி துவைத்துப் பிழிகிறாள். இரண்டு வருஷமாக இடுப்பு வலி. கேட்டால், “எல்லாவற்றையும் சேசுவின் பாடுகளோடு ஒப்புக்கொடுத்துவிட்டேன்” என்கிறாள். பத்தொன்பது வயது மகன் கட்டிலில் படுத்துக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிறான். மகள் புத்தகத்தோடு மூலையில். கணவர் நாற்காலியில். “அம்மாவுக்குத்தான் என்ன பொறுமை! அர்ச்சிஷ்டவள்தான்” என்று மூவரும் பக்தியோடு சொல்லிக்கொள்கிறார்கள். ஆறு குடமும் அவளே எடுக்கிறாள்.

அந்தத் தாய் ஒப்புக்கொடுத்தது உண்மையான காணிக்கை. சர்வேசுரன் அதை மறக்கமாட்டார். ஆனால் மற்ற மூவரும் செய்வதென்ன? அவளுடைய புண்ணியத்தைத் தங்கள் சோம்பலுக்குத் தலையணையாக்கிக்கொண்டார்கள். செபக்கூடத் தலைவனாவது ஒரு நாள் பொறுக்கச் சொன்னான். இவர்கள் சாகும்வரை பொறுக்கச் சொல்லுகிறார்கள். அதையும் வாயால் சொல்லாமலே சொல்லுகிறார்கள். தன் வலியை ஒருவர் ஒப்புக்கொடுக்கலாம். பிறர் வலியை ஒப்புக்கொடுக்க ஒருவருக்கும் உரிமையில்லை.

அம்மா, இதை நீங்கள் வாசித்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வாய்திறவாமல் இருப்பதால் உங்கள் பிள்ளைகள் தர்மம் செய்யும் சந்தர்ப்பத்தை இழக்கிறார்கள். மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்களோ, மருமகள் என்ன சொல்லுவாளோ என்ற அச்சமும், “நான் இல்லாவிட்டால் இந்த வீடு நடக்காது” என்ற கொஞ்சம் பெருமையும் பொறுமையின் அங்கியைப் போட்டுக்கொண்டு வருவதுண்டு. நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம். “எனக்கு முடியவில்லை, ஒரு கை கொடு” என்று சொல்லுவதற்கும் தாழ்ச்சி வேண்டும்.

சரி, நிவாரணம் தேடுவது முறை என்று ஒப்புக்கொண்டோம். எப்படித் தேடுவது? இங்கேயும் ஒரு ஒழுக்கம் இருக்கிறது.

வலி வந்தால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1986-ல் அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனையில், இரண்டு நாள் படுத்தவர்கள் ஏழு நாள் படுத்தவர்களைப் போலவே குணமடைந்ததும், அவர்களைவிடக் குறைந்த நாட்களே வேலையை இழந்ததும் தெரிந்தது. 1995-ல் பின்லாந்து தேசத்தின் ஹெல்சிங்கி நகரில், புதிதாக வலி கண்டவர்களை மூன்று வகையாய்ப் பிரித்துப் பார்த்தார்கள். படுக்கையில் இருந்தவர்களையும், விசேஷ அப்பியாசம் செய்தவர்களையும்விட, தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். 2024-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி, வலி வந்து தேறியவர்களில் முறையாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுத்தரக் கணக்கில் 208 நாளும், செய்யாதவர்களுக்கு 112 நாளும் ஆயின என்று காட்டியது. நடப்பதற்குக் காசு வேண்டாம். காலையில் பூசைக்கு நடந்து போகிறவர் இரண்டு நன்மையையும் பெறுகிறார்.

நாட்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் முதல்முறையாக வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. முறையான தேகப்பயிற்சி, நோயைப் பற்றிய அறிவு, மனத்துக்குத் தரும் பயிற்சி, தேவைப்பட்டால் வீக்கமும் வலியும் தணிக்கும் மருந்துகள் முதலியவற்றை அது ஆதரிக்கிறது. இடுப்புப் பட்டையையும், இழுவைச் சிகிச்சையையும், அபின் வகையைச் சேர்ந்த கடுமையான மருந்துகளையும் வழக்கமாகக் கையாள வேண்டாம் என்கிறது. வலி மாத்திரையும் டாக்டர் சொன்ன அளவோடு, சொன்ன நாட்களுக்கு மட்டுமே. கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இன்னொன்று. ஸ்கேன் எடுத்து, “முதுகெலும்புத் தேய்மானம்” என்ற ஒரு சொல்லைப் படித்தவுடன் பலர் இடிந்துபோகிறார்கள். வலியே இல்லாத மனிதர்களைப் படம் எடுத்து ஆராய்ந்தவர்கள், இருபது வயதுக்காரர்களிலேயே 100-க்கு 37 பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 100-க்கு 96 பேருக்கும் அப்படிப்பட்ட தேய்மானம் இருப்பதை 2015-ல் எடுத்துக்காட்டினார்கள். தலை நரைப்பதுபோல் அதுவும் வயதின் அடையாளம். அன்றியும் நாட்பட்ட வலியில், புண் ஆறிய பிறகும் நரம்புகள் ஓயாமல் எச்சரிப்பதுண்டு. திருடன் போய் வெகுநேரமான பிறகும் வீட்டு நாய் குரைத்துக்கொண்டிருப்பதைப் போல. குரைப்பது பொய்யல்ல, காது வலிக்கத்தான் செய்யும். ஆனால் வீட்டில் திருடன் இல்லை. ஆகையால் நோகிறது என்பதாலேயே உடைகிறது என்று பயப்படவேண்டாம்.

பயப்பட வேண்டிய அடையாளங்களும் உண்டு. அவற்றை மறைப்பது விவேகமல்ல. சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போவது, மலம் அடக்க முடியாமை, இருதொடைகளின் நடுவே மரத்துப்போவது, கால் பலமிழப்பது—இவை கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சல், காரணமில்லாத இளைப்பு, இரவிலும் ஓயாத வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வலி, முதியவர் விழுந்தபின் வரும் வலி, இவற்றுக்கும் தாமதமின்றி டாக்டரைப் பார்க்கவேண்டும். நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவதும் உண்டு; அதற்கு மருந்தும் உண்டு. “ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று இவற்றை மூடிவைப்பது விசுவாசமல்ல. ஐந்தாம் கற்பனைக்கு விரோதமான அசட்டை.

இப்போது ஓர் உண்மையைக் கவனியுங்கள். தினமும் அரைமணி நடப்பதும், சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் சலிக்காமல் செய்வதும், சுமையைக் குறைப்பதும், கோபத்தையும் கவலையையும் அடக்குவதும் எளிதான காரியங்களா? ஒரு ஊசி போட்டுக்கொள்வது எளிது, படுத்துக்கொண்டு வருந்துவதும்கூட எளிது. பலன் உடனே தெரியாத சிறு முயற்சியை நாள்தோறும் செய்வதுதான் கடினம். தபசு வேண்டும் என்று ஆசைப்படுகிறவரே, உங்கள் தபசு இதோ இருக்கிறது. வலியை வளர்த்துக்கொள்ளாமல் அதைத் தணிக்க உழைப்பதிலும் ஒறுத்தலின் பேறுபலன் உண்டு.

முழந்தாளிட முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுகவீனத்தினால் முழந்தாளிட இயலாதவர்களைத் திருச்சபையே தன் பூசை விதிகளில் விலக்கி வைத்திருக்கிறது. ஆகையால் உட்கார்ந்திருங்கள், அதைப் பாவமாகச் சொல்லி மனம் வருந்தவேண்டாம். உட்கார்ந்திருப்பவரைப் பின்னாலிருந்து முறைத்துப் பார்த்தவர் இருந்தால், பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியவர் அவரே. காரணமறியாமல் அயலானைத் தீர்ப்பிடுவது எட்டாம் கற்பனைக்கு விரோதமானது.

எல்லாம் செய்தபின்னும் சிலருக்கு வலி மிஞ்சும். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அர்ச். சின்னப்பர் தம் சரீரத்தில் இருந்த ஒரு முள்ளைப் பற்றி கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பேசுகிறார். அது நீங்கும்படி மூன்றுமுறை ஆண்டவரை மன்றாடினார். நீங்கவில்லை. வரப்பிரசாதமே போதும் என்ற பதில்தான் கிடைத்தது. கவனியுங்கள்: முதலில் மூன்றுமுறை கேட்டார், அதன்பின் ஏற்றுக்கொண்டார். செய்யத் தக்கதையெல்லாம் செய்தபிறகு மிஞ்சுகிறதே, அதுதான் சிலுவை. அதற்கு முன்னாலேயே சிலுவை என்று பெயரிட்டுக்கொள்வது அவசரம்.

அந்த மிச்சத்தை எப்படிச் சுமப்பது? ஒரு நாளை ஒரு நாளாகச் சுமக்கவேண்டும். விடிந்தவுடன், “ஆண்டவரே, இன்றைக்கு மட்டும்” என்று ஒப்புக்கொடுங்கள். முடிந்த வேலையைச் செய்து, முடியாததை விட்டுவிடுங்கள். வலியினால் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தால், சாயந்தரம் அவர்களைக் கூப்பிட்டு, “கண்ணு, உன்மேல் கோபமில்லை, அம்மாவுக்கு வலி” என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தையில் உங்கள் காணிக்கை பரிசுத்தமாகும். தூக்கம் வராத ராத்திரியில் செபமாலையைக் கையில் எடுங்கள். ஐம்பத்துமூன்று மணியும் முடியாவிட்டால் பத்து மணி போதும். அதே வேளையில் எத்தனையோ வீடுகளில் உங்களைப்போல் விழித்திருப்பவர்களுக்காக அதை ஒப்புக்கொடுங்கள்.

துன்பத்தைப் பற்றிப் பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் 1984 பெப்ரவரி 11-ம் தேதி ஒரு நிருபம் எழுதினார். துன்பத்தினால் நன்மை செய்யவும், துன்பப்படுகிறவனுக்கு நன்மை செய்யவும் கிறிஸ்துநாதர் ஒருசேரக் கற்பித்தார் என்பது அதன் முடிவான போதனை. முந்தியதை வலியுள்ளவருக்கும், பிந்தியதை வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைப் போதித்து மற்றொன்றை மறந்தால் சுவிசேஷத்தில் பாதியை மறந்தவர்கள் ஆவோம்.

தபசுகாலத்தில் சிலுவைப்பாதை செய்கிறோமே, ஐந்தாம் ஸ்தலத்தில் யாரைக் காண்கிறோம்? சிரேனே ஊரானாகிய சீமோனை. வயற்காட்டிலிருந்து தன் வழியே வந்துகொண்டிருந்த மனிதன். ஆண்டவரின் பாடுகளைக் கண்டு, “ஆகா, எவ்வளவு பொறுமை!” என்று வியந்து நிற்கும் வேலையை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. மரத்தின் ஒரு பாகம் அவன் தோளில் ஏறியது. உலக இரட்சகரே தமது சிலுவைக்கு இன்னொரு தோளை ஏற்றுக்கொண்டார் என்றால், உங்கள் வீட்டுத் தாய் ஏன் தனியே சுமக்க வேண்டும்? அவளுக்கு ஒரு தோள் கொடுக்க நீங்கள் ஏன் கட்டாயத்துக்குக் காத்திருக்க வேண்டும்?

ஆகையால், பிரியமான வாசகரே, இந்த வாரத்துக்கு ஒரு சிறு தீர்மானம் செய்வோம். வலி உள்ளவர்கள் இதுவரை மறைத்ததை ஒருவரிடமாவது சொல்லுவது. பார்க்காமல் தள்ளிப்போட்ட டாக்டரைப் பார்ப்பது. நாளைக் காலையில் தெரு முனை வரையிலாவது நடந்து வருவது. வலி இல்லாதவர்கள், தங்கள் வீட்டில் முக்கால் பங்கு நிமிர்ந்து தயங்கி நிற்பவர் யார் என்று கண்டுபிடிப்பது. கண்டுபிடித்தபின் பிரசங்கம் வேண்டாம். நாலரை மணிக்கு எழுந்து, “அம்மா, நீங்கள் படுத்திருங்கள், குடத்தை நான் எடுக்கிறேன்” என்று சொன்னால் போதும்.

கூனியிருந்த அந்த ஸ்திரீ நிமிர்ந்தவுடன் செய்த முதல் காரியம் சர்வேசுரனைத் துதித்தது. நம் வீடுகளில் நிமிராமல் நின்றுபோன துதிகள் எத்தனையோ! அவற்றுள் ஒன்றையாவது இந்த வாரம் நிமிர்த்தி விடுவோமாக.